வண்டிக் கொட்டகையும் மணற் கொட்டகையும்

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக, 'பிரார்த்தனா' என்னும் பெயரோடு ஒரு படக்காட்சிசாலை இருந்தது. அதற்குக் கூரையில்லை. பார்க்க வருவோர் தம் மோட்டார் வண்டியோடு உள்ளே நுழைந்து, குறித்த இடத்தில் அதனை நிறுத்தி, வண்டியில் இருந்தபடியே எதிரில் ஓங்கி நின்ற வெண்டிரையை நோக்குவர். ஆங்கிலத்தார் இதனை 'டிரைவ்-இன்' என்பர். நாம் வண்டிக் கொட்டகை என்று சொல்லலாம். கூரையற்றதைக் கொட்டகை என்றல் பொருந்துமோ என இலக்கணம் வல்லார் வினவக்கூடும். படங்காட்டும் இடம் எதுவாயினும் அதனைக் கொட்டகை என்றே வழங்கிவந்த நம் பாட்டன்மார் வழக்கை முன்னிட்டு அப்பெயரை ஆளுகின்றேன்.

1990-களின் முற்பகுதியில் தோன்றிய அக்கொட்டகை இப்போது இல்லை. சில ஆண்டுகளுக்குமுன் மூடப்பட்டது. நிலமும் வீடு கட்டி விற்போர் கைக்குச் சென்றது. அச்செய்தி பரவியபோது நகரத்தார் பலர் வருந்தினர். தாம் குழந்தைகளாய்ச் சென்று கண்ட காட்சிகளையும், உண்ட உணவையும், வண்டியின்மேல் ஏறிப் படுத்து வானத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்ததையும் நினைந்து நினைந்து எழுதினர். அவ்வருத்தம் மெய்யானது, அதனை நான் எள்ளுகின்றேனல்லேன். ஆயினும் நகரத்தின் மற்றைக் கோடியாகிய நெட்டுக்குப்பத்தில் நின்று நோக்குவார்க்கு இக்கொட்டகையின் சரித்திரம் வேறொரு முகங் காட்டுகிறது. அம்முகத்தை நம் கல்லூரி அன்பர்க்குக் காட்ட விரும்புகிறேன்.

நெட்டுக்குப்பம் எண்ணூரைச் சார்ந்த மீனவர் ஊர். கொசஸ்தலையாறு கடலொடு கலக்கும் முகத்துவாரத்துக்கு அணித்தே உள்ளது. கிழக்கே வங்கக் கடல். வடக்கே கழிமுகத்துக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் காமராசர் துறைமுகமும். முற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த வெள்ளைத் துரைமக்கள் காற்று வாங்குதற்கென்றே எண்ணூருக்கு வந்து மாளிகை எடுத்துத் தங்கினர் என்று இன்று ஒருவர் சொன்னால், கேட்போர் நகைப்பர். அது சரித்திர உண்மை. இவ்வூருக்கும் ஈஞ்சம்பாக்கத்துக்கும் இடையே சாலைவழி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இரண்டும் ஒரே கடலின் ஒரே கரையில் உள்ளவை. ஒரே கடற்காற்றுக்கு உரியவை. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

வண்டிக் கொட்டகை பிறந்தது அமெரிக்காவில், நியூஜெர்சி மாகாணத்தில், காம்டன் என்னும் நகரத்தில். ரிச்சர்டு ஹாலிங்ஸ்ஹெட் என்பார் அதனைக் கண்டவர். தந்தையார் நடத்திய மோட்டார்ச் சரக்கு வாணிகத்தில் இருந்த இவர், தம் வீட்டு முற்றத்து மரங்களுக்கிடையே வெள்ளைத் துணியொன்றைக் கட்டினார். காரின் முன்மூடிமீது படங்காட்டுங் கருவியை ஏற்றிவைத்தார். மழை வந்தால் காட்சி எங்ஙனம் இருக்குமென அறிய, புல்லுக்கு நீர் தெளிக்குங் கருவியைக் காரின்மேல் திருப்பிவிட்டு உள்ளே அமர்ந்து பார்த்தார். முன்நிற்கும் வண்டி பின்நிற்கும் வண்டியை மறைக்குமன்றோ? அதற்கும் வழி கண்டார். முன்சக்கரங்களின் அடியில் கட்டைகளை வைத்து வைத்து, எவ்வளவு உயர்த்தினால் முன்வண்டியின் தலைக்குமேலாகத் திரை தெரியும் என்று அளந்தார். பின்னர் நிலத்தையே வரிசை வரிசையாக மேடு செய்து, வண்டிகள் மூக்கைத் தூக்கி நிற்குமாறு அமைத்தார். 1933-ம் ஆண்டு மே 16-ல் இதற்குரிய காப்புரிமை பெற்று, ஜூன் 6-ல் கொட்டகையைத் திறந்தார். கட்டணம் வண்டிக்கு 25 சென்டு. அதிலிருக்கும் ஆளொருவருக்கு 25 சென்டு.

இதில் நாம் உற்றுநோக்க வேண்டுவது அந்நகரத்தின் இயல்பு. காம்டன் ஓர் ஆற்றுத் துறைமுகம். அங்கே கப்பல் கட்டுந் தளம் இருந்தது. இசைத்தட்டும் வானொலிப் பெட்டியும் செய்யுந் தொழிற்சாலை இருந்தது. டப்பாக்களில் சூப்பு அடைக்குந் தொழிற்சாலை இருந்தது. சுருங்கச் சொன்னால், நம் இராயபுரத்தையும் திருவொற்றியூரையும் ஒத்த ஊர். செல்வர் உல்லாசமாய் உலவும் கடற்கரையில் வண்டிக் கொட்டகை தோன்றவில்லை. தொழிலாளர் நகரத்திலேயே தோன்றியது. காரணம் வெளிப்படை. அந்நாட்டில் அக்காலத்திலேயே ஆலைத் தொழிலாளி பலரிடமும் ஒரு கார் இருந்தது. நல்லுடை தரிக்காமலும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடாமலும் குடும்பத்தோடு வந்து படம் பார்க்கலாம் என்பதே ஹாலிங்ஸ்ஹெட் செய்த விளம்பரத்தின் சாரம்.

முதற் கொட்டகை மூன்றாண்டளவே நடந்தது. முறையோ நாடெங்கும் பரந்தது. 1958-ல் அமெரிக்காவில் வண்டிக் கொட்டகைகள் 4,000-க்கு மேல் இருந்தன. இப்போது சுமார் 300 உள்ளன. தொலைக்காட்சி வந்தது ஒரு காரணம். பெருங்காரணம் நிலம். நகரம் வளராத புறம்பான இடத்தில் மலிவாக நிலம் வாங்கி இக்கொட்டகையை அமைப்பர். நகரம் வளர்ந்து அதன் வாயிலுக்கு வரும். அன்று அந்நிலம் படத்தினாற் பெறும் வருவாய், அதனை விற்றால் வரும் வட்டிக்கும் ஈடாகாது. ஒரு காருக்கும் அது திரும்பும் வழிக்குமாக வேண்டும் இடத்தில் சாதாரணக் கொட்டகையார் முப்பது நாற்காலிகள் இட்டுவிடுவர். மேலும் அவர் காலைமுதல் நள்ளிரவுவரை நான்கு காட்சி நடத்துவர். இவரோ சூரியன் மறையுமளவும் வாளா இருந்து, இரண்டு காட்சி நடத்தினால் அதுவே மிகுதி. கணக்கறிந்த எவரும் இதன் ஆயுளை முன்னரே சொல்லிவிடலாம்.

நம் நாட்டிலும் இக்கதையே நிகழ்ந்தது. அகமதாபாத்தில் 1973-ல் 'சன்செட்' என்னும் வண்டிக் கொட்டகை 665 கார்கள் நிற்கத்தக்க அளவினதாய் எழுந்தது. அதனால் அப்பக்கத்துச் சாலைக்கே 'டிரைவ்-இன் சாலை' என்று பெயர் வழங்கலாயிற்று. பம்பாயில் பாந்திராப் பக்கத்தில் 1977-ல் திறந்த கொட்டகை 2003-ல் மூடியது. பின்னர் அப்பகுதியிலேயே 2021 நவம்பரில் புதிதாக ஒன்று தோன்றியது. ஆனால் இம்முறை தரையிலன்று, பெரியதொரு வணிக மாளிகையின் மேல்தளத்தில், 290 கார்களுக்கு. மண்ணின் விலை ஏற ஏற, மண்ணில் நின்ற கொட்டகை மாடியேறிவிட்டது!

ஈஞ்சம்பாக்கத்துப் பிரார்த்தனாவும் இவ்விதிக்கு விலக்கன்று. அது தோன்றிய காலத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை குறுகிய சாலை. இருமருங்கும் சவுக்குத் தோப்பும் தென்னந்தோப்பும் மீனவர் குப்பங்களும். 1990-களின் இறுதியில் அச்சாலை புதுச்சேரிவரை அகலமாகவும் செம்மையாகவும் அமைந்தது. மேற்கே பழைய மகாபலிபுரம் சாலையில் கணினித் தொழில் மாளிகைகள் வரிசையாக எழுந்தன. கடலுக்கும் அம்மாளிகைகளுக்கும் இடையே அகப்பட்ட நிலம் பொன்னாயிற்று. எத்தனை படங்காட்டினாலும் அப்பொன்னை ஈட்டுதல் இயலாது. உடையவர் விற்றதில் குறைகூற எனக்கு ஒன்றுமில்லை. தம் நிலம், தம் உரிமை.

இனி, வடகரைக்கு வருவோம். இங்குதான் விநோதம் இருக்கிறது.

அந்தக் கொட்டகைக்குள் சென்ற வண்டிகளை எண்ணிப் பாருங்கள். 1949-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என்னுங் கம்பெனி ஆஸ்டின் ஏ40 என்னும் காரைப் பூட்டத் தொடங்கியது. அதுவே பின்னர் அசோக் லேலண்டு என்று பெயர் பெற்று, நாடெங்கும் ஓடும் லாரிகளையும் பஸ்களையும் செய்தது. திருவொற்றியூரில் 1950-களில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. அதே திருவொற்றியூரில், கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன்கள் செய்யத் தொடங்கினார். அதுவே வளர்ந்து எம். ஆர். எப். டயராயிற்று. 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வேலை தொடங்கியது. முகத்துவாரத்துக்கு வடபால் 2001-ல் திறந்த துறைமுகத்திலிருந்து 2010 முதல் ஆயிரக்கணக்கான புதுக்கார்கள் கப்பலேறி வெளிநாடு செல்கின்றன. மீன் பிடிக்கப் புறப்படும் நெட்டுக்குப்பத்துப் படகுக்காரர் அக்கப்பல்களின் அருகாகவே செல்கின்றார்.

பூட்டிய கையும், டயர் வார்த்த கையும், பெட்ரோல் வடித்த கையும் வடகரைக் கைகள். அவ்வண்டியில் அமர்ந்து நிலவொளியிற் படம் பார்க்கும் இன்பமோ தென்கரைக்கு வாய்த்தது. காம்டனில் தொழிலாளர் ஊரில் தோன்றிய ஒன்று, சென்னைக்கு வந்தபோது தொழிலாளர் ஊருக்கு நேர் எதிர்க்கோடியைத் தேடிச் சென்றது ஏன்? இங்கே தொழிலாளியிடம் கார் இல்லை. அவ்வளவே. இதில் எவருடைய சூழ்ச்சியும் இல்லை. முதலிடுபவர் வாடிக்கையாளர் இருக்கும் பக்கத்தை நாடினார். ஆயின், பிரார்த்தனாவின் மறைவைச் 'சென்னையின் இழப்பு' என்று எழுதுவோர், எந்தச் சென்னை என்பதையுஞ் சேர்த்து எழுதினால் நன்றாயிருக்கும். தண்டையார்ப்பேட்டையில் 1967-ல் திறந்து, வடசென்னை மக்களுக்கு அரை நூற்றாண்டுக்குமேற் படங்காட்டிய அகஸ்தியா 2020-ல் மூடியபோது வருந்தினவர் எத்தனை பேர்? வடசென்னையார் வருந்தினர், மற்றையோர் பத்திரிகையிற் பார்த்திருக்கலாம்.

தெற்கு நோக்கிப் போதல் இந்நகரத்துக்குப் பழைய பழக்கம். ஜார்ஜ் டவுனில் நூறாண்டளவு வேரூன்றிய கிறிஸ்தவக் கல்லூரியே 1937-ல் தாம்பரம் சென்றுவிட்டதன்றோ! அவ்வளவு ஏன், மணலும் தெற்கே நின்றுவிட்டது. இதனைச் சற்று விளக்கவேண்டும். நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி கடல்நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்லும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்கெனக் கடலுக்குட் கற்சுவர் நீட்டியபோது, அம்மணல் சுவரின் தென்புறத்தே தடைப்பட்டுக் குவிந்தது. மெரினாவின் பரந்த மணல்வெளி பெரும்பாலும் அங்ஙனம் உண்டானதே. வடபுறத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் நிலத்தைத் தின்னத் தொடங்கியது. இராயபுரம் முதல் எண்ணூர்வரை தெருக்களுங் குடிசைகளும் கடலுட் சென்றன. பின்னர் பாறைகளைக் கொட்டிக் கரையைக் காத்தனர். ஆகவே மாலைப்பொழுதில் மணலில் அமர்ந்து இளைப்பாற நினைப்பவனுக்குத் தெற்கே மணல், வடக்கே கருங்கல்.

இஃது ஏன் இங்கே வேண்டும் என்பீரேல், படம் பார்த்தற்கும் மணலுக்கும் நம் நாட்டில் நெருங்கிய உறவுண்டு.

திருச்சிராப்பள்ளியில் ரெயில்வே குமாஸ்தாவாயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படங்காட்டுங் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்க்கையைக் காட்டும் படமும் ஒன்று. வேலையை விட்டார், கூடாரம் ஒன்றைக் கொண்டு ஊர் ஊராய்ச் சென்றார். 1909-ல் சென்னைக்கு வந்து காட்சி நடத்தினார். அடுத்து ரகுபதி வெங்கையாவும் கூடாரத்தோடு பல நாடு சுற்றி, 1914-ல் 'கெயிட்டி' என்னும் நிலையான கொட்டகையைக் கட்டினார். தமிழ் பேசிய முதற்படமாகிய 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ல் ஜார்ஜ் டவுன் 'கினிமா சென்ட்ர'லில் வெளிவந்தது. இவை யாவரும் அறிந்தவை, விரிக்க வேண்டுவதில்லை. ஆனால் நம் மக்களிற் பெரும்பாலோர் சினிமாவை முதன்முதற் கண்டது சுவர்க்கொட்டகையிலன்று. வின்சென்ட் வழிவந்த டூரிங் டாக்கீஸில்.

அதன் அமைப்பை இக்கால மாணவர் பலர் அறியார். மூங்கிலும் கீற்றும் கான்வாசும் கொண்டு எழுப்பிய கூடம். பக்கங்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். நாற்காலி, பெஞ்சு, தரை எனக் கட்டணம் மூவகை. தரையென்பது மணல். முன்னிருப்பவர் தலை மறைத்தால், பின்னிருப்பவர் மணலைக் கூட்டிக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வார். அவருக்குப் பின்னிருப்பவர் அதனினும் உயரமாகக் குவிப்பார். ஹாலிங்ஸ்ஹெட் கட்டைகளை அடுக்கிக் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கிய நுட்பத்தை நம்மவர் காசில்லாமற் கையாற் செய்துகொண்டனர். கருவி ஒன்றே இருந்தமையின், சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கேறும். முறுக்கும் சோடாவும் விற்பவன் உள்ளே வருவான். இருட்டினாலன்றிக் காட்சி தொடங்காது. முதலில் பக்திப்பாட்டு ஒலிபெருக்கியில் ஒலிக்கும். அதைக் கேட்டு ஊரார் அடுப்பை அவித்துப் புறப்படுவர்.

கடற்கரைக் குப்பங்களில் இன்னும் எளிய முறையும் இருந்தது. கோயில் திருவிழாவின்போது இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத்துணி கட்டி, வாடகைக் கருவி கொணர்ந்து இரவு முழுதும் படங்காட்டுவர். திரையின் இருபக்கத்தும் மக்கள் அமர்வர். மறுபக்கத்தில் இருந்தவர்க்கு எழுத்தெல்லாம் இடம் வலமாய்த் தோன்றும். கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவான். அதனால் எவர்க்கும் குறைவில்லை. எழுத்தறியாதார்க்கு எழுத்து எப்பக்கம் இருந்தாலென்ன! அரசாங்கச் செய்தித் துறையாரும் வண்டியிற் கருவி ஏற்றிவந்து செய்திப்படங்களை இலவசமாகக் காட்டிச் சென்றனர். இங்கும் ஒரு வண்டி இருந்தது என்பதை நோக்குக. படங்காட்டுபவர்க்கே வண்டி வேண்டியிருந்தது, பார்ப்பவர்க்கு வேண்டியிருக்கவில்லை.

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரார்த்தனாவைப்பற்றி மக்கள் எழுதிய நினைவுகளை ஊன்றிப் படித்தால் ஒன்று விளங்கும். அங்குச் சென்றவர் பலரும் வண்டிக்குள் இருக்கவில்லை. அமெரிக்கர்க்குக் குளிருண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே அமர்தல் அவர்க்குச் சுகம். சென்னைப் புழுக்கத்தில் நின்ற வண்டிக்குள் மூன்று மணிநேரம் இருத்தல் தண்டனை. ஆதலால் வண்டியை நிறுத்தியதும் கதவைத் திறந்து வெளியே வந்தனர். பாயை விரித்தனர், தலையணை போட்டனர், மடக்கு நாற்காலி கொணர்ந்தனர், கட்டுச்சோற்றை அவிழ்த்தனர், குழந்தைகளை ஓடவிட்டனர். இது யாது? டூரிங் கொட்டகையின் தரை டிக்கட்டேயன்றோ! பெயரளவில் அமெரிக்க வண்டிக் கொட்டகை; நடந்ததோ தமிழர் மணற்கொட்டகை. மக்கள் இழந்ததாக வருந்தும் இன்பத்தில் காருக்கு உரிய பங்கு மிகச் சிறிது. காற்று, இருட்டு, பாய், பக்கத்திற் குடும்பம், அச்சமின்றி உரக்கச் சிரிக்கத்தக்க வெளி ஆகிய இவையே பெரும்பங்கு. கார் என்பது வாயிலிற் கேட்ட நுழைவுச்சீட்டு.

அங்ஙனமாயின், கார் கேளாத ஒரு வெளியில் அவ்வின்பத்தை மீண்டும் உண்டாக்கத் தடை என்ன? நெட்டுக்குப்பம் போன்ற ஓர் ஊரில், மாநகராட்சிக்குச் சொந்தமான திறந்த நிலத்தில், திங்களுக்கு இரண்டு மாலை, மக்கள் தரையில் அமர்ந்து நல்ல படம் பார்க்க ஏற்பாடு செய்யலாகாதோ என்று கேட்கின்றேன். முற்காலத்திற் கருவிக்கும் சுருளுக்கும் ஆகும் செலவு பெரிது. இன்று கைப்பெட்டியளவான கருவி போதும். காற்றடைத்து நிறுத்தும் திரைகளும் வந்துவிட்டன. நிலம் ஒன்றே அருமை. அதனாலேதான் அது தனியார் நிலமாயிருத்தல் கூடாது என்கிறேன். இதற்கொரு சான்று இந்நகரத்திலேயே உள்ளது. கதீட்ரல் சாலையில் 1962 முதல் 'உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்' என்னும் உணவுச்சாலை இருந்ததை முதியோர் அறிவர். வண்டியிலிருந்தபடி தோசை உண்ட அவ்விடமும் 2008-ல் மூடப்பட்டது. அதற்கும் நகரத்தார் கண்ணீர் விட்டனர். ஆனால் அந்நிலம் அரசாங்கத்தார்வசம் திரும்பியதால், 2010-ல் அங்கே செம்மொழிப் பூங்கா எழுந்தது. இப்போது காருள்ளவரும் இல்லாதவரும் அதனுள் உலவுகின்றனர். இரண்டு 'டிரைவ்-இன்'களும் மூடின. தனியார் நிலம் தனிவீடாயிற்று, பொதுநிலம் பொதுச்சோலையாயிற்று.

என் யோசனையைக் கேட்ட நண்பர் சிலர் மறுத்தனர். கையளவு தொலைபேசியில் உலகத்துப் படமெல்லாம் வரும் இக்காலத்தில் எவர் வருவார் என்றார் ஒருவர். தனியே பார்த்தற்குத் தொலைபேசி போதும். ஐந்நூறு பேர் ஒரேசமயத்திற் சிரிப்பதை அது தராது. தெருமுனைத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஆட்டம் பார்க்க நிற்குங் கூட்டத்தைக் காண்பவர்க்கு இதனை வற்புறுத்த வேண்டுவதில்லை. கூட்டங் கூடினால் குழப்பம் விளையும் என்றார் மற்றொருவர். குப்பத்தார் கூடினாற் குழப்பம், சபாவிற் கூடினாற் கலை என்னும் இவ்வெண்ணத்துக்கு விடை சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

மூன்றாமவர் சொன்னது கனமானது. எண்ணூர்க் காற்றில் மூன்று மணிநேரம் வெளியில் உட்காரச் சொல்கின்றீரே, அது நலமா என்றார். இதற்கு எளிதில் விடை கூறிவிட முடியாது. கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழங் குறைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகம் முழுதும் பரவியது. நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களில் படகும் வலையும் கறுத்தன. மீனும் இறாலும் நண்டும் விலைபோகவில்லை. மீனவர் வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினர். அதே மாத இறுதியில் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீட்டைவிட்டு ஓடினர். இத்தகைய இடத்தில் கொட்டகை வேண்டுமென்றல் நகைப்புக்கிடமன்றோ?

நான் அவ்வாறு கருதவில்லை. ஓரிடத்து மக்கள் மாலையில் வெளியே உட்காருதற்கு உரியவர் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டால், உட்காரத்தக்க காற்றைத் தரும் பொறுப்பும் அதனோடு வந்துசேரும். பெசன்ட் நகர்க் கடற்கரையிற் சாம்பல் கொட்ட எவருந் துணியார். அங்கே மாலைதோறும் ஆயிரம்பேர் காற்று வாங்குகின்றனர். அவர் மூக்கே காவல். வடகரையை வேலைசெய்யும் இடமாக மட்டும் எண்ணும்வரை, புகை அங்கே இயல்பாகத் தோன்றும். அளவைக் கருவிகள் காட்டும் எண்ணை எவரும் மறைக்கலாம். படம் பார்க்க அமர்ந்த ஐந்நூறு பேர் இருமுவதை மறைத்தல் அரிது. தீக்காற்று வீசும் நாளிற் காட்சி நிறுத்தப்படவேண்டும். நிறுத்திய காரணம் திரையிலேயே எழுதிக்காட்டப்படவேண்டும்.

இடமும் காலமும்பற்றிச் சில சொல்லி முடிக்கின்றேன். அலைவாய்க்கரை வேண்டா, அங்கே பாறையும், வலை உலர்த்துவோர்க்கும் படகேற்றுவோர்க்கும் வேண்டிய சிறிதளவு மணலுமே உள்ளன. அதனைப் பறித்தல் ஆகாது. ஊரினுள்ளே பள்ளி விளையாட்டுவெளி போன்ற இடம் தகும். இரண்டு லாரி மணல் பரப்பினால் தரை டிக்கட்டு ஆயிற்று. படகு விடியுமுன் புறப்படவேண்டும். ஆகவே காட்சி ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியவேண்டும். நம் படங்கள் அதனினும் நீளம் என்பீர். இரண்டு மாலையாகப் பிரித்துக் காட்டலாம். ஊமைப்படக் காலத்தில் எட்டி போலோவின் தொடர்படங்களைப் பகுதி பகுதியாகப் பார்த்துவிட்டு, அடுத்த பகுதிக்குக் காத்திருந்த சென்னைதானே இது! முதலிற் காட்டும் படம் எது என்பதை ஊர்ப்பெண்கள் தீர்மானிக்கட்டும். ஆடவர் தீர்மானித்தால் சண்டைப்படமே வரும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழையும் புயலும் உண்டு. தை பிறந்து, பொங்கல் கழிந்த முதற் சனிக்கிழமை தொடங்கலாம்.